வற்றும் குளம், விழாத அருவி: தோட்டக் குளத்தின் கோளாறுகளை அறிகுறி பார்த்துச் சரிசெய்தல்

தோட்டக் குளத்தில் ஏதோ கோளாறு என்று தெரிந்தவுடன் பல வீடுகளில் நடப்பது இதுதான். மேஸ்திரியை அழைப்பார்கள், தண்ணீரை இறைப்பார்கள், அடியில் இன்னொரு பூச்சுப் பூசுவார்கள். மீன்கள் வாளியில் கிடந்து தவிக்கும். பணம் செலவாகும். குளத்தை மறுபடி நிரப்பிய சில நாட்களிலேயே தண்ணீர் பழையபடி குறையத் தொடங்கும். காரணம், வீட்டுக் குளங்கள் அடியில் ஒழுகுவதைவிட விளிம்பிலும் அருவிப் பகுதியிலும் ஒழுகுவதே அதிகம். அதனால் ஒரு வேண்டுகோள்: தண்ணீர் எந்த வழியாகப் போகிறது என்று கண்ணால் பார்த்து உறுதிசெய்யும்வரை ஒரு கல்லையும் பெயர்க்காதீர்கள். கீழே சொல்லும் சோதனைகளில் பெரும்பாலானவற்றுக்குச் செலவே இல்லை. வேண்டியது ஓரிரு நாள் பொறுமை.

கணக்குச் சொல்ல வசதியாக ஒரு குளத்தை எடுத்துக்கொள்கிறேன்: 10 அடி நீளம், 6 அடி அகலம், 2 அடி ஆழம். ஏறத்தாழ 3,400 லிட்டர் பிடிக்கும். ஓரத்தில் கருங்கல் அடுக்கு, ஒரு பக்கத்தில் 3 அடி உயரத்திலிருந்து விழும் சிறிய அருவி. உங்கள் குளம் இதைவிடப் பெரிதோ சிறிதோ, அந்த விகிதத்தில் கணக்கை மாற்றிக்கொள்ளலாம்.

தண்ணீர் குறைந்துகொண்டே போகிறது

முதலில் இது கசிவுதானா, வெயில் குடிப்பதா என்று பார்க்க வேண்டும். ஏப்ரல், மே மாதங்களில் தமிழ்நாட்டின் திறந்த நீர்நிலைகளில் நாளொன்றுக்கு அரை சென்டிமீட்டருக்கு மேல் ஆவியாவது இயல்பு. வறண்ட காற்று வீசும் நாளில் அது ஒரு சென்டிமீட்டரை நெருங்கும். ஒரு சதுர மீட்டர் பரப்பில் ஒரு மில்லிமீட்டர் குறைந்தால் ஒரு லிட்டர் போயிற்று என்று பொருள். நம் மாதிரிக் குளத்தில் ஒரு சென்டிமீட்டர் என்பது 55 லிட்டர், அதாவது நான்கு குடத்துக்கும் மேல். குடங்களை எண்ணிப் பார்க்கும்போது பெரிய கசிவு போலத் தோன்றும். ஆனால் கோடையில் அது கசிவாக இல்லாமலும் இருக்கலாம்.

இதைப் பிரித்தறிய ஒரு வாளி போதும். மழை இல்லாத நாளில் பம்பை நிறுத்திவிட்டு, வாளியைக் குளத்துக்குள் ஒரு கல்லின் மேல், பாதிக்கு மேல் மூழ்கும்படி அசையாமல் வையுங்கள். குளத்து நீரையே வாளியில் ஊற்றி, உள்ளேயும் வெளியேயும் நீர்மட்டம் ஒன்றாக இருக்கும்படி செய்து, இரண்டு மட்டங்களையும் பென்சிலால் குறித்துக்கொள்ளுங்கள். 24 மணி நேரம் கழித்து இரண்டும் ஒரே அளவு இறங்கியிருந்தால் அது வெயிலின் வேலை. குளம் மட்டும் கூடுதலாக இறங்கியிருந்தால் கசிவு உண்டு. குளத்தில் மீன் நிறைய இருந்தால், அந்த ஒரு நாளுக்குக் காற்றுக்குமிழி விடும் சிறிய மோட்டாரை ஓட விடுங்கள்.

அடுத்த நாள் இதே சோதனையைப் பம்பு ஓடும்போது செய்யுங்கள். பம்பு நின்றிருந்தபோது குறையாத தண்ணீர், ஓடும்போது மட்டும் குறைகிறது என்றால் குளத்தைத் தொடவே வேண்டாம். கோளாறு அருவியிலோ பைப்பிலோ இருக்கிறது. இரண்டு நாளும் வாளியைவிடக் கூடுதலாக, ஒரே அளவு குறைந்தால் கோளாறு குளத்தில். வேலையில் பாதி இந்த இடத்திலேயே முடிந்துவிடுகிறது. இந்த இரண்டு நாள் சோதனையைச் செய்யாமல் உளியை எடுக்கும் எவரையும் குளத்தருகே விடாதீர்கள்.

அருவிப் பக்கம் என்று தெரிந்தால், சாயங்காலம் வெயில் இறங்கிய பிறகு அருவியின் இரு ஓரங்களையும் பாருங்கள். தரை காய்ந்திருக்க வேண்டிய இடத்தில் ஈரம், கல்லின் வெளிப்பக்கத்தில் புதிதாகப் பிடித்த பாசி, ஓரிடத்தில் மட்டும் செழித்து நிற்கும் புல் ஆகியவை நல்ல சாட்சிகள். தெறிப்பினால் மட்டுமே தினமும் பல லிட்டர் வெளியே போய்விடும். தண்ணீர் விழும் இடத்தில் தட்டையான கல் இருந்தால் தெறிப்பு அதிகம். அதை எடுத்துவிட்டு, ஆழமான நீரில் நேராக விழும்படி செய்தால் குறையும்.

தெறிப்பு இல்லை என்றால், அருவிக்கு நீர் கொண்டுவரும் ஓடையின் படுகையைப் பாருங்கள். இலையோ பாசியோ வேரோ அடைத்துக்கொண்டால் ஓடையில் நீர்மட்டம் ஏறி, பக்கவாட்டில் விரிப்பைத் (நீர் மண்ணில் இறங்காமலிருக்க அடியில் போடும் ரப்பர் அல்லது பிளாஸ்டிக் தாள்) தாண்டி வழியும். பம்பை நிறுத்தினால் மட்டம் இறங்கி, வழிந்த தடமே தெரியாது. மண் அமுங்கி ஓடையின் ஒரு கரை தாழ்ந்திருந்தாலும் இதேதான் நடக்கும். ஓடைக்குத் தனி விரிப்பு, குளத்துக்குத் தனி விரிப்பு என்று போட்டிருந்தால், மேல் விரிப்பின் கீழ்நுனி கீழ் விரிப்பின் மேல் நன்றாக ஏறிக் கிடக்க வேண்டும். மாறிக் கிடந்தால் ஓடும் நீரெல்லாம் இரண்டுக்கும் நடுவே மண்ணுக்குள் போகும்.

கோளாறு குளத்தில் என்று தெரிந்தால், மீன்களை வேறு தொட்டிக்கு மாற்றிவிட்டு, தண்ணீரைத் தானாக இறங்க விடுங்கள். தினமும் காலையில் மட்டத்தைக் கல்லில் குறித்துவாருங்கள். ஓரிடத்தில் இறக்கம் கிட்டத்தட்ட நின்றுவிடும். ஓட்டை அந்த மட்டத்தில்தான் இருக்கிறது. இனி முழுக் குளத்தையும் தேட வேண்டியதில்லை; அந்தக் கோட்டைச் சுற்றி மட்டும் பார்த்தால் போதும். சமையலறையில் இருக்கும் கேசரிப் பவுடரைச் சிறிது தண்ணீரில் கரைத்து, ஊசி இல்லாத சிரிஞ்சில் எடுத்து, சந்தேகப்படும் இடத்தருகே அசையாத நீரில் மெல்ல விடுங்கள். ஓட்டை இருந்தால் நிறம் நூல் இழுத்தாற்போல் அதை நோக்கி நகர்ந்து மறையும். இல்லையென்றால் அங்கேயே கலைந்து நிற்கும்.

அதிகம் ஏமாற்றுவது விளிம்புதான். விரிப்பு கல்லுக்கு அடியில் போய் மண்ணுக்குள் முடிந்திருந்தால், கல்லைச் சுற்றியுள்ள மண்ணும் கலவையும் புல்வேரும் தண்ணீரை உறிஞ்சி வெளியே கடத்திக்கொண்டே இருக்கும். ஓட்டை எதுவும் இருக்காது. குளமோ நாள்தோறும் குறையும். தென்னை நார் விரிப்பை அழகுக்காக ஓரத்தில் போட்டிருந்தால் உறிஞ்சல் இன்னும் அதிகம். இதற்குத் தீர்வு, விளிம்புக் கல்லுக்குப் பின்னால் உள்ள மண்ணை ஒரு சாண் அகலத்துக்கு எடுத்துவிட்டு, விரிப்பின் நுனியை நீர்மட்டத்துக்கு மேலே 5 சென்டிமீட்டராவது செங்குத்தாக நிமிர்த்தி, பின்னால் ஜல்லி போட்டு நிறுத்துவது. நுனி காற்றைப் பார்த்து நிற்க வேண்டும், மண்ணுக்குள் புதையக் கூடாது. கல் அதை மறைத்துக்கொள்ளும்.

விளிம்பு எல்லாப் பக்கமும் ஒரே மட்டத்தில் இருக்கிறதா என்பதைக் கண்ணளவில் முடிவு செய்யாதீர்கள். ரசமட்டம் 10 அடி தூரத்துக்குப் போதாது. மேஸ்திரிகள் வைத்திருக்கும் டியூப் மட்டத்தால் (தண்ணீர் நிரப்பிய, உள்ளே தெரியும் குழாய்), குளத்தைச் சுற்றி ஒவ்வொரு மூன்றடிக்கும் பாருங்கள். எங்காவது 2 சென்டிமீட்டர் தாழ்ந்திருந்தால், மீதி விளிம்பு எவ்வளவு உயரமாக இருந்தாலும் குளம் அந்தத் தாழ்ந்த இடத்துக்கு மேல் நிறையவே நிறையாது.

சிமென்ட் குளத்தில் மட்டம் பைப் நுழையும் இடத்தில் நின்றால், காரணம் அந்த இணைப்பாகவே இருக்கும். பி.வி.சி பைப்பின் வழவழப்பான பரப்பில் சிமென்ட் பிடிப்பதில்லை. உப்புத்தாளால் பைப்பைச் சொரசொரப்பாக்கி, பைப் ஒட்டும் பசையைத் தடவி, ஈரம் காயுமுன் சலித்த மணலைத் தூவி, காய்ந்த பிறகு கலவையில் பதித்தால் பிடிக்கும். கட்டும்போதே செய்திருக்க வேண்டிய வேலை இது. இப்போது அந்த ஓர் இடத்தை மட்டும் வெட்டிச் செய்யலாம்.

விரிப்பில் உண்மையான ஓட்டை என்றால் நம் ஊரில் முதல் குற்றவாளி பெருச்சாளி. குளத்துக்கு வெளியே கல்லடுக்கின் காலடியில் புதுமண் குவிந்திருக்கிறதா என்று பாருங்கள். விரிப்புக்கு அடியில் கோணிச் சாக்கு போட்டிருந்தால் கரையான் அதைத் தின்றுவிடும். பிறகு விரிப்பு நேராகக் கூர்ங்கல்லின் மேல் உட்கார்ந்திருக்கும். இ.பி.டி.எம் ரப்பர் விரிப்பை அதற்குரிய ஒட்டுப்பட்டையால் ஒட்டலாம். பண்ணைக்குட்டைகளுக்குப் போடும் 500 மைக்ரான் எச்.டி.பி.இ விரிப்பில் எந்தப் பசையும் நிலைக்காது. சூட்டினால்தான் ஒட்ட வேண்டும். குட்டைகளுக்கு விரிப்புப் போடுகிறவர்களிடம் அந்தக் கருவி இருக்கும், அவர்களையே அழைப்பது நல்லது.

சிமென்ட் தொட்டியில் ஓடும் விரிசலைப் பற்றி என் கருத்து உறுதியானது. மதுரைக்குத் தெற்கே, விருதுநகர், தூத்துக்குடி, கோவையின் சில பகுதிகள் போன்ற கரிசல் மண் ஊர்களில் மண் மழைக்கு உப்பும், கோடைக்குச் சுருங்கும். அங்கே விரிசலை வெட்டி அடைத்தாலும் அடுத்த பருவத்தில் அது திரும்பத் திறக்கும். பூச்சின் மேல் பூச்சாகப் பணத்தைக் கொட்டாமல், தொட்டிக்குள் ஒரு ரப்பர் விரிப்பைப் போட்டு, அதன்மேல் கல்லைத் திரும்ப அடுக்கிவிடுங்கள். சிமென்ட் தொட்டி வெறும் குழியின் வேலையைச் செய்யட்டும். தண்ணீரை விரிப்பு தாங்கும்.

அருவி விழாமல் கல்லோடு ஒட்டி வழிகிறது

தண்ணீர் திரையாக விழ வேண்டும் என்று கட்டியிருப்பீர்கள். அது உதட்டுக் கல்லின், அதாவது தண்ணீர் விழத் தொடங்கும் மேல்கல்லின், அடிப்பக்கமாகத் திரும்பி, சுவரோடு ஒட்டிக்கொண்டு இறங்கும். இதற்கு இரண்டு காரணங்கள்.

முதலாவது கல்லின் விளிம்பு. உருண்டையான விளிம்பில் தண்ணீர் ஒட்டிக்கொள்ளும். கூரான விளிம்பில் பிரிந்து விழும். உதட்டுக் கல் பின்சுவரிலிருந்து நான்கைந்து விரற்கடையாவது முன்னால் நீட்டிக்கொண்டிருக்க வேண்டும். சன்ஷேடின் அடியில் மழைநீர் உள்ளே திரும்பாமலிருக்க ஒரு காடி விடுவார்கள் அல்லவா, அதே காடியை இந்தக் கல்லின் அடிப்பக்கத்திலும் விளிம்பையொட்டி வெட்டச் சொல்லுங்கள். அரை அங்குல அகலம் போதும். கல் அறுக்கும் மெஷினில் சில நிமிட வேலை. கல்லைப் பெயர்க்காமலே செய்துவிடலாம். கல் முன்பக்கமாக மிகச் சிறிது சரிந்திருப்பதும் உதவும். பின்பக்கம் சரிந்திருந்தால் எவ்வளவு தண்ணீர் விட்டாலும் பயனில்லை.

இரண்டாவது, தண்ணீரின் அளவு. உதட்டின் அகலத்தில் ஒவ்வொரு சென்டிமீட்டருக்கும் மணிக்கு 150 லிட்டர் வந்தால் திரை நன்றாக இருக்கும். ஓர் அடி அகல உதட்டுக்கு மணிக்கு 4,500 லிட்டர். அதில் பாதி வந்தால் மெல்லிய திரை, அதற்கும் கீழே என்றால் சொட்டுகள்தான். பம்பை மாற்றும் முன் உதட்டைக் குறுக்கிப் பாருங்கள். இரு ஓரங்களிலும் இரண்டு கல்லை வைத்து ஓர் அடியை முக்கால் அடியாக்கினால் அதே தண்ணீர் அடர்த்தியாக விழும்.

உதடு நீளவாக்கில் மட்டமாக இல்லாவிட்டால் தண்ணீர் ஒரு மூலையில் மட்டும் விழும். இதற்கு ரசமட்டம் போதும். கல்லுக்கு அடியில் மெல்லிய கடப்பாக்கல் துண்டைச் செருகிச் சரிசெய்யலாம்.

இன்னொரு குறை: மேலே ஊற்றும் தண்ணீர் உதட்டுக்கே வராமல் கற்களின் இடுக்கில் காணாமல் போய், கீழே எங்கிருந்தோ வருவது. கல்லைக் கலவை இல்லாமல் அடுக்கினால் இப்படித்தான் ஆகும். தண்ணீர் குளத்துக்கே திரும்பினால் நீர் இழப்பு இல்லை, அழகு மட்டும் போகிறது. இடுக்குகளைச் சுத்தம் செய்து, கல்லுக்குப் பின்னாலும் அடியிலும் நீர்புகாக் கலவையையோ, அருவிகளுக்கென்று விற்கும் கறுப்பு நுரைப் பசையையோ நிரப்புங்கள். முன்பக்கத்தில் கலவை தெரியாதபடி ஓர் அங்குலம் உள்வாங்கியே நிறுத்தச் சொல்லுங்கள். கலவை பிதுங்கி நிற்கும் கருங்கல் அருவியைப் பார்க்கும்போதெல்லாம் மனம் வலிக்கிறது. நல்ல கல்லை அப்படிக் கெடுக்கக் கூடாது.

பம்பு ஓடுகிறது, தண்ணீர் வரவில்லை; அல்லது டிரிப் ஆகிறது

கையை நீருக்குள் விடும் முன் பிளக்கைப் பிடுங்குங்கள். சுவிட்சை அணைப்பது போதாது.

அட்டைப் பெட்டியில் மணிக்கு 5,000 லிட்டர் என்று எழுதியிருப்பது, பைப்பே இல்லாமல், ஏற்றமே இல்லாமல் கிடைக்கும் அளவு. அதே பெட்டியில் அதிகபட்ச உயரம் 3 மீட்டர் என்று இருந்தால், 3 மீட்டரில் ஒரு சொட்டும் வராது என்று அர்த்தம். நம் மாதிரிக் குளத்தில் 3 அடி ஏற்றம், அதோடு பைப்பின் உராய்வும் எல்போக்களும் சேர்ந்தால், 5,000 லிட்டர் பம்பு பாதிக்குச் சற்று மேல்தான் கொடுக்கும். புதிய அருவி முதல் நாளிலிருந்தே ஏமாற்றம் அளித்தால் காரணம் பெரும்பாலும் இதுவே. பெரிய பம்பு வாங்கும் முன் பைப்பை ஓர் அளவு பெரிதாக்கி, கூர்மையான எல்போக்களுக்குப் பதில் நீண்ட வளைவுகளைப் போட்டுப் பாருங்கள். மின்சாரச் செலவு கூடாமல் தண்ணீர் கூடும்.

நன்றாக ஓடிக்கொண்டிருந்தது படிப்படியாகக் குறைந்தால் அடைப்பு. முன்பக்க வலையையும், உள்ளே சுழலும் விசிறியையும் கழற்றிப் பாருங்கள். நத்தையும் பாசிநூலும் அங்கேதான் சேரும். பம்பை நேராகக் குளத்தின் அடியில் வைக்காமல் ஒரு கருங்கல் துண்டின் மேல் வைத்தால் சேறு இழுப்பது குறையும். உறுமுகிறது, சுழலவில்லை என்றால் விசிறி சிக்கியிருக்கலாம், அல்லது மின்னழுத்தம் குறைவாக இருக்கலாம். உடனே நிறுத்துங்கள், அப்படியே விட்டால் சுருள் கருகிவிடும்.

பம்பைப் போட்டவுடன் ஆர்.சி.சி.பி (மின்கசிவு இருந்தால் மின்சாரத்தைத் துண்டிக்கும் சுவிட்ச்) டிரிப் ஆனால் அதை விரோதியாக நினைத்து மாற்றிப் போடச் சொல்லாதீர்கள். 30 மில்லி ஆம்பியர் ஆர்.சி.சி.பி இல்லாத இணைப்பில் குளத்துப் பம்பை ஓட்டவே கூடாது. மழை பெய்யும்போது மட்டும் டிரிப் ஆனால் வெளிப்புற சாக்கெட்டையும் வயர் ஜாயின்ட்டையும் பாருங்கள். நீருக்கடியிலோ மண்ணுக்குள்ளோ டேப் சுற்றிய ஜாயின்ட் இருந்தால் அதை அகற்றியே ஆக வேண்டும். பம்பை வேறு சாக்கெட்டில் செருகினாலும் டிரிப் ஆகிறதென்றால் பம்பின் சீல் போய்விட்டது. எண்ணெய் நிரப்பிய பம்பாக இருந்தால் நீரின் மேல் வானவில் நிறத்தில் படலம் மிதக்கும். அந்த நிலையில் மீன்களை உடனே வேறு தொட்டிக்கு மாற்றுங்கள்.

தண்ணீர் பச்சையாகிவிட்டது

புதிய குளம் முதல் சில வாரங்களில் பச்சையாவது நோய் அன்று. கழிவைச் சிதைக்கும் நுண்ணுயிர்கள் வடிகட்டியிலும் கல்லிலும் குடியேற நான்கு முதல் ஆறு வாரம் ஆகும். அதுவரை மிதக்கும் நுண்பாசிக்குச் சத்தும் வெயிலும் தாராளமாகக் கிடைக்கும். இந்த நேரத்தில் தண்ணீரை முழுக்க மாற்றினால் நுண்ணுயிர்களின் வேலை மறுபடி முதலிலிருந்து தொடங்க வேண்டும். பச்சையும் திரும்ப வரும்.

மாதங்கள் கடந்தும் பச்சை போகவில்லை என்றால் மூன்று காரணங்களைப் பாருங்கள். மீனுக்குப் போடும் தீனி முதலாவது. இரண்டு நிமிடத்தில் தின்று முடிக்காத தீனியெல்லாம் பாசிக்குத்தான் போகிறது. இரண்டாவது நிழல். நீர்ப்பரப்பில் பாதியை இலைகள் மூடியிருக்க வேண்டும். அல்லி இதற்கு மிக நல்லது. ஆனால் அருவித் தெறிப்பு அதன் இலைமேல் விழக் கூடாது. எதிர் மூலையில் வையுங்கள். மூன்றாவது, அடியில் சேர்ந்த சேறு. அழகுக்காகக் குளத்தின் அடியில் கூழாங்கல் பரப்புகிறவர்கள் பலர். அந்த இடுக்குகளில் சேரும் கழிவை யாராலும் வெளியே எடுக்க முடியாது. கூழாங்கல்லை ஓடையில் போடுங்கள், குளத்தின் அடியை வெறுமையாக விடுங்கள்.

நீண்டகாலத் தீர்வாக நான் பரிந்துரைப்பது செடி வடிகட்டி. அருவியின் மேல்தொட்டியில் முக்கால் அங்குல ஜல்லியை நிரப்பி, தண்ணீர் அதன் அடியிலிருந்து மேலேறி வழியும்படி செய்து, கல்வாழை, சேம்பு, வசம்பு ஆகியவற்றை நடுங்கள். மண் வேண்டாம். வேர்கள் தண்ணீரிலிருந்தே சத்தை எடுத்துக்கொள்ளும், பாசிக்கு மிச்சம் இருக்காது. பம்பு குளத்தின் முழு நீரையும் இரண்டு மணி நேரத்துக்கு ஒரு முறையாவது சுற்றிவர வேண்டும்.

ஆகாயத்தாமரையும் சத்தை வேகமாக உறிஞ்சும். ஆனால் அது தென் அமெரிக்காவிலிருந்து வந்து நம் ஏரிகளையும் கால்வாய்களையும் மூடிக்கொண்டிருக்கும் செடி. குளத்தில் வளர்த்தால், மிஞ்சியதை உரக்குழியில் போடுங்கள். ஒரு துண்டைக்கூட வெளியே எந்த நீர்நிலையிலும் எறியாதீர்கள்.

மீன் மேலே வந்து வாயைத் திறக்கிறது, அல்லது செத்து மிதக்கிறது

இதில் எந்த நேரத்தில் நடக்கிறது என்பதே முக்கியத் துப்பு.

விடியற்காலையில் மட்டும் மீன்கள் நீர்ப்பரப்பில் வாயைத் திறந்து மூடிக்கொண்டிருந்து, வெயில் ஏறியதும் சரியாகிவிட்டால், ஆக்சிஜன் போதவில்லை. பாசியும் செடியும் பகலில் ஆக்சிஜனைத் தருகின்றன. இரவில் மீனோடு சேர்ந்து அவையும் அதை எடுத்துக்கொள்கின்றன. அதனால் சூரியன் உதிக்கும் முன் அளவு மிகக் குறைந்திருக்கும். சூடான நீரில் ஆக்சிஜன் கரைவதே குறைவு: 20 டிகிரியில் லிட்டருக்கு 9 மில்லிகிராம் வரை கரையும், 30 டிகிரியில் ஏழரைதான். மின்சாரத்தை மிச்சப்படுத்த இரவில் பம்பை நிறுத்துவது நம் வீடுகளில் வழக்கம். தயவுசெய்து அதை விட்டுவிடுங்கள். நிறுத்தியே ஆக வேண்டுமென்றால் பகலில் சில மணி நேரம் நிறுத்துங்கள். இரவில் அருவி ஓட வேண்டும். சத்தம் தூக்கத்தைக் கெடுத்தால் ஒரு வால்வு வைத்து இரவில் தண்ணீரைக் குளத்துக்குள்ளேயே சுற்ற விடலாம்.

குளம் கட்டிப் புதிதாக விட்ட மீன்கள் ஓரிரு நாளில் செத்தால் சிமென்டைச் சந்தேகியுங்கள். புதிய சிமென்டிலிருந்து கரையும் சுண்ணாம்பு நீரின் பி.எச் (அமில, காரத் தன்மை) அளவை 10-க்கு மேல் ஏற்றிவிடும். குளத்தை நிரப்பி ஒரு வாரம் வைத்து இறைக்க வேண்டும். இப்படி மூன்று முறையாவது செய்த பிறகு, பி.எச் 8.5-க்குக் கீழே வந்து சில நாள் அங்கேயே நிற்கிறதா என்று பார்த்த பின்தான் மீன் விட வேண்டும். சோதனைச் சொட்டு மருந்து மீன் கடைகளில் கிடைக்கும். சென்னையில் கொளத்தூர் பகுதியின் வண்ணமீன் கடைகளில் எளிதாக வாங்கலாம். அருவிக் கற்களின் இடையே பூசிய கலவையும் இந்தக் கணக்கில் சேரும். குளத்துக்கு விரிப்புத்தானே போட்டோம் என்று அதை மறந்துவிடுகிறார்கள்.

பி.எச் உயர்ந்திருக்கும்போது இன்னொரு ஆபத்து கூடவே வருகிறது. மீன் கழிவிலிருந்து வரும் அம்மோனியாவில் நச்சுள்ள பகுதி, 30 டிகிரி நீரில் பி.எச் 7 ஆக இருக்கும்போது நூற்றில் ஒரு பங்குகூட இல்லை. பி.எச் 9 ஆனால் அது நாற்பது பங்கைத் தாண்டிவிடும். அதே மீன்கள், அதே தீனி. நீர் மட்டும் விஷமாகிவிடுகிறது. அதனால் அம்மோனியாவையும் பி.எச்சையும் சேர்த்தே சோதியுங்கள். அளவு கூடியிருந்தால் தீனியை நிறுத்திவிட்டு, கால் பங்கு நீரை மாற்றுங்கள்.

தண்ணீர் மாற்றிய சில மணி நேரத்தில் மீன் தவித்தால் காரணம் குளோரின். குழாய்த் தண்ணீரையும் லாரித் தண்ணீரையும் ஒரு நாள் திறந்த தொட்டியில் வைத்து விடுங்கள், அல்லது மீன் கடையில் கிடைக்கும் குளோரின் நீக்கியைக் கலந்து விடுங்கள். போர்வெல் தண்ணீரில் குளோரின் இல்லை. ஆனால் ஆக்சிஜனும் மிகக் குறைவு. அதை அருவியின் மேலிருந்து, கல்லில் பட்டு இறங்கும்படி விடுவது நல்லது.

கல்லில் வெள்ளையாகப் படிகிறது

நீர்மட்டக் கோட்டிலும் தெறிக்கும் இடத்திலும் படிந்தால் அது போர்வெல் உப்பு. கலவை இடுக்கிலிருந்து கீழ்நோக்கி வழிந்த கோடுகளாக இருந்தால் சிமென்டிலிருந்து வந்த சுண்ணாம்பு. அது ஓரிரு ஆண்டில் தானாகக் குறையும். இரண்டையும் பம்பை நிறுத்தி, மட்டத்தை இறக்கி, வினிகரும் நார்த் தேய்ப்பானும் கொண்டு எடுக்கலாம். கழிவறை ஆசிட் ஊற்றாதீர்கள். அது குளத்துக்குள் இறங்கினால் மீன் பிழைக்காது. கடப்பாக்கல்லும் சுண்ணாம்புக்கல் வகைதான் என்பதால், அதன் பளபளப்பும் போய்விடும். கருங்கல் இதற்கெல்லாம் அசையாது. நீரின் தன்மையையும் மாற்றாது. வாங்கும் கல்லைப் பற்றிச் சந்தேகம் இருந்தால் கடையிலேயே ஒரு சொட்டு ஆசிட் விட்டுப் பாருங்கள். நுரைத்தால் அது சுண்ணாம்பு உள்ள கல்.

ஓரக் கல் ஆடுகிறது, மழையில் விரிப்பு உப்புகிறது

ஆடும் கல்லை அன்றைக்கே கவனியுங்கள். குழந்தைகள் அந்தக் கல்லில்தான் ஏறி நிற்பார்கள். இரண்டடி நீர் ஒரு சிறு குழந்தைக்கு ஆபத்தான ஆழம். கல்லை எடுத்து, அடியில் உள்ள தளர்மண்ணை அள்ளிவிட்டு, கிராவல் போட்டு நனைத்து இடித்துக் கெட்டியாக்கி, கல்லின் எடையில் மூன்றில் இரண்டு பங்காவது கரையின் மேல் இருக்கும்படி திரும்ப வையுங்கள். நீரின் மேல் நீட்டிக்கொண்டிருக்கும் பகுதி மூன்றில் ஒன்றைத் தாண்டக் கூடாது. இடுக்கில் அரசங்கன்றோ ஆலங்கன்றோ முளைத்திருந்தால் விரல் நீளம் இருக்கும்போதே வேரோடு எடுத்துவிடுங்கள். கோபுரங்களின் கற்களையே பிளக்கும் வேர் அது.

வடகிழக்குப் பருவமழை தொடங்கும் அக்டோபர் முதல் டிசம்பர் வரை, நிலத்தடி நீர் மேலே இருக்கும் ஊர்களில் விரிப்பு குளத்தின் நடுவே குமிழியாக உப்பி நிற்பதைக் காணலாம். பயந்து தண்ணீரை இறைக்காதீர்கள். நிறைந்த நம் குளத்தில் 3.4 டன் நீர் கீழ்நோக்கி அழுத்திக்கொண்டிருக்கிறது. அதை எடுத்துவிட்டால் அடியிலிருந்து தள்ளும் நீருக்கு எதிர்ப்பே இருக்காது. விரிப்பு முழுவதும் மேலே வரும். சிமென்ட் தொட்டியாக இருந்தால் தொட்டியே கிளம்பி விரிசல் விடும். கடற்கரையை ஒட்டிய பகுதிகளில் சுத்தம் செய்வதற்காக மழைக்காலத்தில் குளத்தைக் காலி செய்வதே கூடாது; அதைக் கோடையில் வைத்துக்கொள்ளுங்கள். குளத்துக்குப் பக்கத்தில் அதன் அடிமட்டத்துக்குக் கீழே ஒரு குழி எடுத்து, அதில் ஊறும் நீரை இறைத்தால் உப்பல் தானாக அடங்கும்.

ஏரிக்கு மிகுந்த நீர் வெளியேறும் கலங்கல் உண்டு; வீட்டுக் குளத்துக்கும் வேண்டும். நீர்மட்டத்தில் இரண்டு அங்குல பைப் ஒன்றை வைத்து, வாயில் வலை கட்டி, தோட்டத்தின் தாழ்வான பக்கத்துக்கு விடுங்கள். வலை இல்லாவிட்டால் பெருமழையில் மீன்கள் தெருவுக்குப் போய்விடும். குளத்தின் ஓரம் சுற்றியுள்ள தரையைவிட மூன்று அங்குலமாவது உயர்ந்திருக்க வேண்டும். இல்லையென்றால் மழைநீர் தோட்டத்து மண்ணையும் உரத்தையும் குளத்துக்குள் கொண்டுவந்து சேர்க்கும், மறு வாரமே தண்ணீர் பச்சையாகும்.

கொசு

நீர் ஓடிக்கொண்டிருக்கும் குளத்தில், மீனும் இருந்தால், கொசு பெருகுவது அரிது. இருந்தும் கொசு வருகிறது என்றால் குளத்தை விட்டுவிட்டு அதைச் சுற்றியுள்ளவற்றைப் பாருங்கள்: கல்லின் மேல்பக்கத்துக் குழிகள், செடித் தொட்டியின் தட்டு, பம்பு நின்றதும் ஓடையில் தேங்கும் நீர், மீன் நுழைய முடியாத கல்லிடுக்கு. டெங்குவைப் பரப்பும் ஏடிஸ் கொசுவுக்கு ஒரு கிண்ணம் நீர் போதும். நம் வெப்பத்தில் முட்டை கொசுவாக ஏழு முதல் பத்து நாள் ஆகும். கல்லின் குழிகளில் கலவை நிரப்பி நீர் வழிந்தோடும்படி செய்யுங்கள். பெரிய மீன் புகாத இடங்களுக்குக் கப்பி மீன் ஏற்றது. ஆனால் அதைக் குளத்துக்குள் மட்டும் வைத்திருங்கள், ஏரிகளிலும் ஓடைகளிலும் விடாதீர்கள். ஒரு வாரத்துக்கு மேல் ஊருக்குப் போகிறீர்கள் என்றால் பம்பை ஓடவிட்டுப் போங்கள். ஓடவிட முடியாதென்றால் ஓடையில் தேங்கிய நீரைத் துடைத்து எடுத்துவிட்டு, குளத்தில் போதிய மீன் இருக்கிறதா என்று பார்த்து, தண்ணீர் குறைந்தால் நிரப்பவும் விடியற்காலையில் மீனைக் கவனிக்கவும் பக்கத்து வீட்டில் சொல்லிவிட்டுப் போங்கள்.